பேச்சு வராதவர் தலைவராக முடியுமா?

நம்பிக்கை: தலைமைக் குணம் பிறவியிலேயே வருவது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவருக்கு அது வாய்க்காது.

உண்மை: லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1891-இல் நாடு திரும்பிய காந்தி, பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கை நடத்த எழுந்தபோது அவருக்குத் தலை சுற்றியது. சாட்சியிடம் ஒரு கேள்விகூடக் கேட்க வரவில்லை. 30 ரூபாய் ஃபீஸைத் திருப்பித் தந்துவிடுவதாகவும் வேறு வக்கீலை வைத்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டு வெளியேறினார். பிறவிக் குணம்தான் அளவுகோல் என்றால், அன்றே அவர் கதை முடிந்திருக்க வேண்டும். 1893-இல் தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். கணக்குகளில் 'பி. நோட்' என்று அடிக்கடி வந்தது. அகராதியில் தேடியும் கிடைக்கவில்லை. தெரியாது என்பதை மறைக்காமல் குமாஸ்தாவிடம் கேட்டார். நாம் புரோநோட்டு என்கிறோமே, அதுதான். அதோடு விடாமல், கணக்கெழுதும் முறை பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார். 40,000 பவுன் வழக்கின் விவரமெல்லாம் பிடிபட்ட பிறகு, வழக்கு நீண்டால் இரு தரப்புமே நொடித்துப்போகும் என்று உணர்ந்து மத்தியஸ்தத்துக்கு இணங்கவைத்தார். தீர்ப்பு தம் கட்சிக்காரருக்குச் சாதகமாக வந்ததும், தோற்றவர் திவாலாகாதபடி தவணையில் பணம் பெறக் கட்சிக்காரரைச் சம்மதிக்கவும் வைத்தார். பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்கள் முன்னால் அவர் முதன்முறையாகப் பொதுக்கூட்டத்தில் பேசியதும் இந்தக் காலத்தில்தான். பேச வேண்டிய விஷயத்தைத் தயார் செய்துகொண்டே போனார்.

திறமை உள்ளே இருந்தது, சூழல் அதை வெளியே கொண்டுவந்தது என்று சிலர் வாதிடலாம். ஆனால், தெரியாததைக் கேட்பதற்கும், விவரத்தைக் கரைத்துக் குடிப்பதற்கும், எதிராளியின் நிலையையும் எண்ணிப் பார்ப்பதற்கும் அபூர்வ வரம் எதுவும் வேண்டியதில்லை. திரும்பத் திரும்பச் செய்தால் இவை எவருக்கும் பழக்கமாகும். பேச்சாற்றல் இல்லாமல் மக்களைத் திரட்ட முடியுமா என்ற கேள்வியும் நியாயமானதே. பேச்சாற்றலுக்குப் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1913-இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டிக் காந்தியோடு போராட்டமாக நடந்த 2,000-க்கும் மேற்பட்டோரில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். அவருக்கோ தமிழ் சரளமாக வராது. சிறைக்குப் போக நேரும் என்று தெரிந்தும் அவர்களை நடக்கவைத்தது சொல்வன்மை அல்ல, இருபது ஆண்டுகளில் அவர் சேர்த்திருந்த நம்பிக்கை. தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள நினைப்பவர் மேடைக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளை கைக்கு வரும் கோப்பில் புரியாத ஒரு சொல் இருந்தால், கூச்சப்படாமல் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்கட்டும்.