கைப்பேசிக் கதிர்வீச்சு: எதற்குப் பயப்படணும், எதற்கு வேண்டாம்?

நம் சமய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் திருவிழா அறிவிப்புகளோடு இன்னொன்றும் தவறாமல் வருது: கைப்பேசி எச்சரிக்கை. நான் மின்னியல் பொறியியல் படிப்பதால் பந்திங்கில் இருக்கிற பெரியம்மா, மாமா எல்லாரும் அதை எனக்கே அனுப்பி, "தம்பி, இது உண்மையாப்பா?" என்று கேட்கிறாங்க. இந்த மாதப் பாடம் அதற்கான பதில்.

அடிப்படை ஒன்று

'கதிர்வீச்சு' என்ற சொல்லே நம்மை மிரட்டுது. ஆனால் விளக்கு வெளிச்சமும் அடுப்புச் சூடும்கூட கதிர்வீச்சுதான். ஒரு ஃபோட்டானுக்கு எவ்வளவு சக்தி என்பதுதான் கேள்வி. அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி டிஎன்ஏவை உடைக்க ஏறக்குறைய 10 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். எக்ஸ்ரேக்கும் காமா கதிருக்கும் அது தாராளமாக உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு 2 அல்லது 3 மட்டுமே. 3.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் 5ஜி அலைக்கோ வெறும் 0.000015தான். வீட்டு விளக்கின் ஒளியைவிட லட்சம் மடங்குக்கு மேல் பலவீனம்!

அப்படியென்றால் அந்த அலைகள் ஒன்றுமே செய்யாதா? செய்யும், சூடாக்கும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது அப்படித்தான். ஆனால் அடுப்புக்கு 800 வாட் அளவு சக்தி. கைப்பேசி அனுப்புவது பெரும்பாலும் 1 வாட்டுக்கும் குறைவு. தலைக்கு ஒரு கிலோவுக்கு 2 வாட் என்ற பன்னாட்டு வரம்பே இந்தச் சூட்டைக் கணக்கில் வைத்துப் போட்டதுதான். மோரிப் கடற்கரையில் மத்தியான வெயிலில் நின்றால் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட் விழும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு பொதுமக்களுக்கான வரம்பு அதே பரப்புக்கு 4.5 வாட்தான்.

செவ்வாய்க் கதிர் வதந்தி

"இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை செவ்வாய்க் கிரகத்திலிருந்து கதிர்கள் வருது, போனை அணைங்க, நாசா சொல்லிடுச்சு." பல வருஷமாகச் சுற்றும் செய்தி இது. அதில் தேதியே கிடையாது. அதனால் எந்த நாளில் அனுப்பினாலும் அது 'இன்றிரவு' ஆகிவிடுது. அண்டக் கதிர்கள் எல்லா நாளும் பூமிக்கு வந்துகொண்டுதான் இருக்கு. போனை அணைத்தால் அவை நின்றுவிடப் போவதில்லை.

'சும்மா ஒரு செய்திதானே' என்று விடக்கூடாது. என் பாட்டி தனியாக இருக்கிறார். இதைப் படித்த பிறகு தினமும் ராத்திரி போனை அணைத்து அலமாரியில் வைக்க ஆரம்பித்தார். ஒரு நாள் நடுராத்திரி மூச்சுத்திணறல் வந்து, இருட்டில் அலமாரியைத் துழாவி, போன் ஆன் ஆகும்வரை காத்திருந்துதான் அப்பாவைக் கூப்பிட முடிந்தது. அன்றைக்கு அவரை ஆபத்தில் தள்ளியது கதிர் இல்லை, வதந்தி.

'2.0' பறவைகள்

2018-இல் வந்த ஷங்கரின் '2.0' படம் நம்மில் பலர் பார்த்ததுதான். கைப்பேசிக் கோபுரங்களால் பறவைகள் சாகின்றன என்பது அதன் கதை. அது கதை மட்டுமே. பிரிட்டனில் சிட்டுக்குருவி குறையத் தொடங்கியது 1970-களில்; அங்கே கைப்பேசிச் சேவை வந்தது 1985-இல். இந்தியப் பறவைகள் பற்றிய 2020 அறிக்கையும், பெருநகரங்களில் குருவி குறைந்தாலும் நாடு முழுவதும் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றது. கோபுரத்தைத் திட்டிக்கொண்டே இருந்தால் பூச்சியும் மரமும் கூடு கட்ட இடமும் குறைந்துபோவதை யார் கவனிப்பது?

நம் பக்கத்துச் சோதனை

இது கொஞ்சம் கசக்கும். அக்டோபர் 2020-இல் இந்தியாவின் ராஷ்டிரிய காமதேனு ஆயோக், பசுஞ்சாணத்தில் செய்த ஒரு 'சிப்'பை அறிமுகம் செய்தது. கைப்பேசியில் ஒட்டினால் கதிர்வீச்சு குறையும் என்றார்கள். நூற்றுக்கணக்கான இந்திய அறிவியலாளர்கள் 'சோதனை எங்கே, தரவு எங்கே?' என்று கடிதம் எழுதிக் கேட்டார்கள். அவர்கள் யாரும் பசுவை இழிவுபடுத்தவில்லை. ஆதாரம் கேட்டார்கள், அவ்வளவுதான். கோமாதாவை நாம் வணங்குவது அன்பினால், நன்றியினால். அந்த வணக்கத்துக்குப் பொய்யான அறிவியல் முட்டுக்கொடுக்கத் தேவையே இல்லை. முட்டு விழும்போது நம் சமயத்தையும் சேர்த்துத்தான் சிரிப்பார்கள்.

இன்னொரு விஷயம். எந்த ஒட்டியாவது உண்மையிலேயே அலையைத் தடுத்தால், கோபுரத்தை எட்டுவதற்காகப் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். பேட்டரிதான் சீக்கிரம் தீரும்.

இதைவிட மோசம் 'ஆன்டி 5ஜி' பதக்கங்கள். டிசம்பர் 2021-இல் நெதர்லாந்து அணுசக்திப் பாதுகாப்பு அமைப்பு, பதக்கம், கைவளையம் உள்ளிட்ட 10 பொருட்களைச் சோதித்து, அவற்றிலிருந்தே அயனியாக்கும் கதிர்வீச்சு வருவதாக எச்சரித்தது. இல்லாத ஆபத்துக்குக் காசு கொடுத்து, இருக்கிற ஆபத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள்!

புற்றுநோய்?

நியாயமான கேள்வி. 2011-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை '2பி' பிரிவில் வைத்தது. அதன் பொருள் 'இருக்கலாம், ஆதாரம் போதாது' என்பது. ஆசியப் பாரம்பரிய ஊறுகாய்க் காய்கறிகளும் அதே பிரிவில்தான். பிறகு 2024-இல், உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி 63 ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில், கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. அதற்குப் பிறகும் மனசு கேட்கவில்லையா? இயர்போன் போட்டுப் பேசுங்க, போதும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கு: மோட்டாரில் போகும்போது போன் பார்ப்பது, தலையணைக்கடியில் சார்ஜ் போடுவது, விடியும்வரை வீடியோ பார்ப்பது.

பகிர்வதற்கு முன் மூன்று கேள்வி

1. தேதியும் சொன்னவர் பெயரும் இருக்கா?
2. அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலோ, மலேசியாவின் 'செபெனார்ன்யா' தளத்திலோ இது வந்திருக்கா?
3. இதை நம்ப வைத்து யாராவது எதையாவது விற்கிறாங்களா?

அடுத்த வகுப்புக்கு ஒவ்வொருவரும் தங்கள் குடும்பக் குழுவில் வந்த ஒரு எச்சரிக்கையைக் கொண்டுவாங்க. சேர்ந்து உடைத்துப் பார்ப்போம். பெரியவர்களிடம் சொல்லும்போது மட்டும் கிண்டல் வேண்டாம். அவங்க அனுப்புவது நம்மேல் இருக்கிற அக்கறையால்தான். பதிலும் அதே அக்கறையோடு இருக்கட்டும்.