பேண்டு வாத்தியக்காரர்கள்

வட இந்தியாவில் கல்யாண ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மாப்பிள்ளை குதிரையில் வருவார். அவருக்கு முன்னால் பேண்டு வாத்தியம் முழங்கும். உறவினர்கள் தெருவில் ஆடிக்கொண்டே வருவார்கள். 1954-இல் வந்த 'நாகின்' என்ற இந்திப் படத்தின் மகுடி மெட்டை வாசித்தால் போதும். ஆட்டம் களைகட்டிவிடும்.

பளபளக்கும் உடையில் வாசிக்கும் இவர்கள் யார்? பலரும் ஏழைத் தொழிலாளிகள். ஆண்டு முழுவதும் இவர்களுக்கு இந்த வேலை இருக்காது. கல்யாணம் இல்லாத மாதங்களில் வயல் வேலைக்குப் போவார்கள். சிலர் ரிக்‌ஷா ஓட்டுவார்கள்.

பேண்டு வந்த கதை

வெள்ளைக்காரர்களின் ராணுவத்தில் பேண்டு இருந்தது. ராணுவம் தங்கிய ஊர்களில் நம் மக்கள் அதைக் கேட்டார்கள். வாசிக்கவும் கற்றுக்கொண்டார்கள். ராஜாக்களும் அரண்மனையில் பேண்டு வைத்துக்கொண்டார்கள். பிறகு அது சாதாரண மக்களின் கல்யாணத்துக்கும் வந்தது.

உத்தரப் பிரதேசத்தில் மீரட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே வெள்ளைக்காரர்களின் பெரிய ராணுவ முகாம் இருந்தது. மீரட்டின் ஜாலி கோட்டி என்ற பகுதி பேண்டு கருவிகள் செய்வதில் பேர்பெற்றது.

ஊதுவது எளிதா?

செம்பும் துத்தநாகமும் கலந்தால் பித்தளை. பித்தளையில் செய்த குழல்தான் டிரம்பெட். அதில் மூன்று பொத்தான்கள் மட்டுமே உண்டு. மற்ற வேலையை உதடும் மூச்சும் செய்கின்றன. வெறுமனே ஊதினால் காற்றுதான் வரும். உதடு அதிர்ந்தால்தான் ஓசை வரும். அதற்குப் பல மாதப் பயிற்சி வேண்டும்.

அப்பாவிடமோ, மாமாவிடமோ, பேண்டு மாஸ்டரிடமோ கற்கிறார்கள். பலரும் பாட்டைக் காதால் கேட்டே பழகுகிறார்கள். புதுப் படப் பாட்டையும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். இது பெரிய திறமை.

பாட்டு நினைவில் நிற்கும், கணக்கு?

மழைக்காலத்தில் நான்கு மாதம் இந்துக் கல்யாணங்கள் மிகக் குறைவு. அப்போது வருமானம் இல்லை. வீட்டில் அரிசி வாங்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து வாங்க வேண்டும். பேண்டு முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். சீசன் வந்ததும் வாசித்துக் கழிக்கிறார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம்.

ஒரு நாள் கூலி 500 ரூபாய்.
வாசித்த நாள் 30.
மொத்தக் கூலி 15,000 ரூபாய்.
வாங்கிய முன்பணம் 10,000 ரூபாய்.
கைக்கு வர வேண்டியது 5,000 ரூபாய்.

முதலாளியின் நோட்டில் 25 நாள் என்று இருந்தால் என்ன ஆகும்? 2,500 ரூபாய் போய்விடும். "இல்லை, 30 நாள் வாசித்தேன்" என்று வாயால் சொன்னால் போதுமா? எழுத்து வேண்டும்.

சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளலாம். வாசித்த தேதி, ஊர், கூலி, முன்பணம் இந்த நான்கையும் அன்றன்றே எழுத வேண்டும். மாதம் ஒரு முறை முதலாளியிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். குழுவில் ஒருவருக்குப் படிக்கத் தெரிந்தாலும் மற்றவர்களுக்கு உதவலாம்.

கணக்கு சரியாக இருந்தால் முதலாளிக்கும் நல்லது. சண்டை வராது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கடனைக் காட்டி ஒருவரைக் கட்டாயமாக வேலை வாங்குவது குற்றம். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் சட்டம் வந்தது. இதற்கு மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்.

ஊர் சந்தோஷப்பட வாசிக்கிறவர் வீட்டிலும் சந்தோஷம் இருக்க வேண்டும். உழைத்த கூலி முழுதாக வர வேண்டும். அதற்குக் குழலோடு பேனாவும் கையில் இருக்கட்டும்.

பேசுவோம், எழுதுவோம்

1. டிரம்பெட்டில் ஓசை எப்படி வருகிறது?
2. பேண்டு வாத்தியக்காரர்கள் ஏன் முன்பணம் வாங்குகிறார்கள்?
3. ஒருவர் 24 நாள் வாசித்தார். ஒரு நாள் கூலி 500 ரூபாய். முன்பணம் 7,000 ரூபாய். அவர் கைக்கு எவ்வளவு வர வேண்டும்?
4. நீங்கள் இந்த வாரம் வேலை செய்த நாட்களையும் கூலியையும் நோட்டில் எழுதுங்கள்.