பன்னிரண்டு சொற்கள் பத்திரம்!

தம்பி, தங்கைகளே! பிரௌசரில் கிரிப்டோ வாலட் சேர்க்கப் போறீங்களா? மெட்டாமாஸ்க் என்றால் அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் சேருங்கள். விளம்பரத்தைத் தட்டினால் போலி வந்து சேரலாம்.

கடவுச்சொல் பொதுவாக அந்தக் கணினியில் வாலட்டைத் திறக்கத்தான். உண்மையான சாவி, வாலட் தரும் 12 ஆங்கிலச் சொற்கள். வரிசை மாறாமல் தாளில் எழுதி, பூட்டி வையுங்கள். போனில் படம் பிடிக்காதீங்க, வாட்ஸ்அப்பில் அனுப்பாதீங்க.

கணினி கெட்டாலும் இந்தச் சொற்கள் இருந்தால் வாலட்டை மீட்கலாம். அடுத்தவர் கையில் கிடைத்தால், அவரும் அப்படியே திறந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். போனதைத் திருப்பித் தர இங்கே வங்கி கிடையாது.

"உதவிப் பிரிவிலிருந்து பேசுறோம், அந்தச் சொற்களைச் சொல்லுங்க" என்று யாராவது கேட்டால்? கேட்பவர் திருடர்தான். சொல்லவே சொல்லாதீங்க!