மஞ்சளோடு மஞ்சள், சிவப்போடு சிவப்பு

இந்த மாதப் பாடம் ஒரு சின்னக் காத்தாடியைப் பற்றியது. கணினி பூட்டத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. தப்பு செய்தவன் நான்தான் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நடந்தது என்ன?

பாச்சாங்கில் எங்கள் வட்டாரப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் டியூஷன் நடக்கிறது. எஸ்.பி.எம். எழுதப் போகிறவர்கள் பழைய தேர்வுத் தாள்களைக் கைப்பேசியில் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர்கள் ஆளுக்கு 10 வெள்ளி, 20 வெள்ளி என்று போட்டு 600 வெள்ளி சேர்த்தார்கள். அதில் பாதிப் பேர் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள். "நீதான் இதெல்லாம் படிச்சவன். நீயே ஒரு கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்துடு" என்றார் பொறுப்பாளர் அண்ணன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பழகிய கடை ஒன்றில் பழைய மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், புதிய பவர் சப்ளை எல்லாம் வாங்கினேன். பெட்டியின் பின்பக்கத்துக்கு ஒரு காத்தாடி வேண்டும். வீட்டில் பழைய காத்தாடி ஒன்று கிடந்தது; அதன் மூன்று முள் செருகி உடைந்திருந்தது. செருகியை வெட்டிவிட்டு, இன்னொரு பழைய மோலெக்ஸ் செருகியின் வயர்களோடு முறுக்கினேன். கறுப்போடு கறுப்பு, மஞ்சளோடு மஞ்சள், சிவப்போடு சிவப்பு. மேலே டேப் சுற்றினேன். நிறம் பொருந்தினால் போதாதா?

சுவிட்சைத் தட்டினேன். சிபியூ காத்தாடி ஒரு துடி துடித்தது, நின்றுவிட்டது. மறுபடி தட்டினால் அசைவே இல்லை. பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் கழித்து மாட்டினால், மறுபடி அதே ஒரு துடிப்பு.

முதல் பொய்

பவர் சப்ளையைக் கழற்றிக்கொண்டு மோட்டாரில் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் அதை டெஸ்டரில் மாட்டிப் பார்த்தார். 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாம் சரியாகவே காட்டியது.

"இது நல்லாத்தான் இருக்கு தம்பி. காத்தாடி, லைட்டு ஏதாவது கூடப் பூட்டுனியா?"

"ஒன்னும் இல்லண்ணே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நான் முறுக்கிய வயர் என் கண்முன் வந்துபோனது. ஆனால், 'படிச்சவன்' என்ற பெயர் போய்விடுமோ என்ற பயம். அவர் மேலே கேட்கவில்லை. அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினேன். அதே ஒரு துடிப்பு, அதே நிறுத்தம்.

பிரித்துப் பார்த்தல்

இப்போதுதான் நிதானமாக உட்கார்ந்தேன். பவர் சப்ளையில் பாதுகாப்பு ஒன்று உண்டு. 12 வோல்ட் வயர் எங்காவது நேராகக் கறுப்பு வயரைத் தொட்டால், தீப்பிடிக்காமல் இருக்க அது தானே அணைந்துவிடும். பெரும்பாலும், சுவரில் மின்சாரத்தை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால்தான் மறுபடி எழும். ஆக, அது கெட்டுப்போய் நிற்கவில்லை. தன் வேலையைச் செய்துதான் நின்றது.

எல்லாவற்றையும் கழற்றினேன். மதர்போர்டு, சிபியூ, அதன் காத்தாடி, ஒரே ஒரு ராம், இவ்வளவுதான் மிச்சம். தட்டினேன், ஓடியது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஒவ்வொரு முறையும் சுவர் சுவிட்சை அடைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைத்தேன். இரண்டாவது ராம், சரி. ஹார்ட் டிஸ்க், சரி. பின்பக்கக் காத்தாடியை மாட்டினேன். நின்றது.

காத்தாடியைத் தனியே எடுத்து, மல்டிமீட்டரை மஞ்சளிலும் கறுப்பிலும் வைத்தேன். 'பீப்' என்றது. டேப்பைப் பிரித்தால், இரண்டு முறுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. டேப் நழுவி, செம்பும் செம்பும் தொட்டுக்கொண்டிருந்தன. கண்டுபிடித்துவிட்டேன்! தனித்தனியாக டேப் சுற்றி மறுபடி மாட்டினேன். கணினி ஓடியது. காத்தாடியும் மெதுவாகச் சுற்றியது. கைதட்டப் போனேன். அதற்குள் உள்ளேயிருந்து பாட்டியின் குரல்: "என்னடா பொசுங்கற வாசம் வருது?" காத்தாடியின் நடுவிலிருந்து புகை. பிளக்கைப் பிடுங்கினேன்.

நிறத்தின் கதை

மோலெக்ஸ் செருகியில் மஞ்சள் என்றால் 12 வோல்ட், சிவப்பு என்றால் 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. மூன்று வயர் காத்தாடியில் வழக்கமாகச் சிவப்புதான் 12 வோல்ட். மஞ்சள் என்பது எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறேன் என்று மதர்போர்டுக்குச் சொல்லும் வயர். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் நொடிக்கு 40 துடிப்பு.

நான் செய்தது என்ன? ஓட வேண்டிய வயருக்கு 5 வோல்ட், அதனால்தான் மெதுவாகச் சுற்றியது. பேச மட்டுமே தெரிந்த மெல்லிய வயருக்கு 12 வோல்ட், அதனால்தான் உள்ளே இருந்த சிப் பொசுங்கியது.

இன்னொன்றும் கேளுங்கள். நான்கு வயர் காத்தாடியில் வழக்கமாக மஞ்சள்தான் 12 வோல்ட். பச்சை வேகத்தைச் சொல்லும். நீலம் வேகத்தைக் கட்டுப்படுத்தும். சில கம்பெனிகள் எல்லா வயரையும் கறுப்பிலேயே விடுகின்றன. ஆகவே நிறத்தை நம்பாதீர்கள், முள்ளின் வரிசையைப் பாருங்கள். முதல் முள் கிரவுண்ட், இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது வேகச் செய்தி, நான்காவது கட்டுப்பாடு.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தில், 948ஆவது குறள் வைத்தியருக்கு ஒரு வரிசை சொல்கிறது. நோய் எது, அது எதனால் வந்தது, தணிக்கும் வழி எது என்று பார்த்து, பிறகு பொருந்தும்படி செய்ய வேண்டும். நான் ஒரு காரணத்தைக் கண்டதுமே தேடுவதை நிறுத்திவிட்டேன். டேப் நழுவியது ஒரு காரணம். தெரியாததைத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டது அதற்கும் முந்திய காரணம்.

திரும்பப் போனேன்

மறுநாள் கடைக்குப் போனேன். "அண்ணே, நேத்து பொய் சொல்லிட்டேன். காத்தாடியை நான்தான் தப்பா பூட்டுனேன். உங்க சாமான் மேல குறை இல்ல" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மேசைக்கு அடியிலிருந்து பழைய பவர் சப்ளையை எடுத்தார். "டெஸ்டர்ல நல்லா இருந்தாலும் நீ சொன்னதை நம்பி, இதைத் தூக்கிப் போடலாம்னு வச்சிருந்தேன் தம்பி" என்றார். அந்த வார்த்தை என்னைச் சுட்டது. என் ஒரு பொய்க்கு அவர் முழு விலையையும் கொடுக்க இருந்தார்.

புதுக் காத்தாடியை என் காசில் வாங்கினேன். மதர்போர்டிலேயே காத்தாடிக்கென்று இருக்கும் இடத்தில் மாட்டினேன். கணினி இப்போது வகுப்பில் ஓடுகிறது. பெற்றோர் கூட்டத்தில் நடந்ததையும் சொல்லிவிட்டேன். யாரும் திட்டவில்லை. ஓர் அம்மா மட்டும், "அடுத்த தடவை பூட்டும்போது என் மகனையும் பக்கத்துல உட்கார வச்சுக்க" என்றார்.

நினைவில் வைக்க

1. கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.
2. கடைசியாக எதை மாற்றினோமோ அதை முதலில் சந்தேகியுங்கள்.
3. குறைந்த சாமானோடு ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒன்று ஒன்றாகச் சேருங்கள்.
4. சிபியூ காத்தாடியை அதற்கென்று எழுதியிருக்கும் இடத்திலேயே மாட்டுங்கள்.
5. உதவி கேட்கும்போது செய்தது முழுவதையும் சொல்லுங்கள். பாதி சொன்னால் பாதி வைத்தியம்தான் கிடைக்கும்.

கலந்து பேச

1. கடையில் "ஒன்னும் இல்லண்ணே" என்றபோது நான் எதைக் காப்பாற்ற நினைத்தேன்? அது காப்பாற்றப்பட்டதா?
2. ஒரு காரணம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திய அனுபவம் உங்களுக்கு உண்டா? படிப்பில், வீட்டில், நட்பில்?
3. வீட்டில் கிடக்கும் பழைய காத்தாடி ஒன்றை எடுத்து, எந்த வயர் என்ன வேலை செய்கிறது என்று எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். மின்சாரம் கொடுக்க வேண்டாம். அதைச் சேர்ந்து பார்ப்போம்.