பேய் கேட்கும் வினா

பேய்க்கதை சிறுவரை அச்சுறுத்துவதற்கே என்று கருதியிருந்தோம். அமெரிக்க எழுத்தாளர் ரொனி மொரிசன் 1987இல் வெளியிட்ட 'பிலவெட்' நாவல் அக்கருத்தை மாற்றிற்று. அதன் வித்து மெய்ந்நிகழ்ச்சியே. 1856 சனவரியில் மார்கிரட் கார்னர் என்னும் அடிமைப்பெண், உறைந்து கிடந்த ஒகையோ ஆற்றைக் குடும்பத்தோடு கடந்து தப்பினாள். பிடிக்க வந்தோர் வீட்டைச் சூழ்ந்தபோது, மகள் மீண்டும் அடிமையாதல் பொறாது தன் கையாலேயே கொன்றாள். அவளுக்காக வாதாடியோரே கொலைவழக்கை வேண்டினர்; கொலையாளியாயின் மனிதப்பிறவியென ஒப்பவேண்டுமன்றோ! அவ்வழக்கு நடைபெறவில்லை. 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி, தப்பியோடிய உடைமையாகத் திருப்பி ஒப்படைக்கப்பட்டாள்.

நீதிமன்று கேளாததை நாவலிற் பேய் கேட்கின்றது. இறந்த குழவி மங்கையாய் வந்து தாயின் உணவையும் உயிரையும் உண்கின்றாள், தாய் மறுப்பதில்லை. அப்பேயை ஓட்டுவோர் மந்திரவாதிகளல்லர். பல்லாண்டு அவளோடு முகங்கொடுத்துப் பேசாதிருந்த அயற்பெண்கள் முப்பதுபேர் வாசலில் வந்து நின்று பாடுகின்றனர்.