ஊவா மலையில் கிட்டார் பழகும் பிள்ளைகளுக்கு

பசறையிலிருந்தும் ஹாலிஎலயிலிருந்தும் கிட்டாரோடு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த அம்ப் வாங்கினால் அந்த நாதம் வரும் என்றுதான். நான் அவர்களிடம் கையைக் காட்டச் சொல்வேன். நல்ல நாதத்தில் பெரிய பங்கு கைக்கு. அடுத்தது கம்பியும் மரமும். கரண்டில் ஓடுகிறவை கடைசி. காசு குறைந்த வீட்டுப் பிள்ளைகள் இந்த வரிசையைத் தெரிந்துகொண்டால் வீண் செலவு இராது. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. இடது கை விரலை பிரெட்டுக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டினாற்போல் வையுங்கள். இரண்டு பிரெட்டுகளுக்கு நடுவில் அழுத்தினால் கம்பி கிரீச்சிடும். அதை அடக்க இன்னும் அழுத்துவீர்கள். அழுத்த அழுத்த சுருதி ஏறும். ஒரு கம்பியை மெல்லத் தொட்டு மீட்டிக்கொண்டே அழுத்தத்தைக் கூட்டுங்கள். கிரீச்சல் நிற்கிற இடம் எதுவோ, அவ்வளவு பலம் போதும்.

2. வலது கையில்தான் உங்கள் குரல் இருக்கிறது. ஒரே கம்பியைப் பிரிட்ஜ் ஓரத்தில் மீட்டுங்கள், பிறகு துவாரத்துக்கு மேல், பிறகு பிரெட்டுகளின் முடிவில். பிரிட்ஜ் பக்கம் மேல்சுரங்கள் தூக்கலாகக் கேட்பதால் ஒலி கூர்மையாக வரும். உள்ளே போகப் போக அடிச்சுரம் பெருத்து உருண்டையாகும். ஒரு காசும் செலவில்லாமல் மூன்று கிட்டார்கள் உங்கள் மடியில் இருக்கின்றன. பாட்டின் எந்த வரிக்கு எந்த இடம் என்று தேடுங்கள்.

பிக் பிடிப்பவர்கள் தாளம் போட 0.6 மில்லிமீற்றர் அளவில் மெல்லியதையும், ஒற்றைக் கம்பி வாசிக்க 1 மில்லிமீற்றருக்குக் குறையாததையும் எடுங்கள். மெல்லிய பிக் வளைந்து தட்டும். தடித்தது கம்பியை நன்றாகத் தள்ளி விடும். பிக்கைக் கம்பிக்கு நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், ஒலி மிருதுவாகும்.

லயத்துக் காம்பராவில் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், விடியப் பெரட்டுக்குப் போக வேண்டிய மனிதர்கள். இரவில் பிக்கை வைத்துவிட்டுப் பெருவிரலால் பழகுங்கள். அமெரிக்க ஜாஸ் கலைஞர் வெஸ் மொண்ட்கோமரி பகலில் வேலைக்குப் போய் இரவில் பழகியவர். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு என்றுதான் பிக்கை விட்டுப் பெருவிரலுக்கு மாறினார் என்பார்கள். அந்தப் பெருவிரலின் கனிந்த நாதமே பிறகு அவருடைய அடையாளமாயிற்று.

3. சுரத்தை மட்டும் பாடம் பண்ணாதீர்கள், நாதத்தையும் பாடம் பண்ணுங்கள். நம் மலையிலேயே ஆசான் உண்டு. சிங்களப் பாட்டில் மின் கிட்டாரை முன்னுக்குக் கொண்டுவந்த கிளாரன்ஸ் விஜேவர்தன 1943இல் பிறந்தது அப்புத்தளையில். அறுபதுகளில் அனஸ்லி மாலேவனவோடு மூன்ஸ்டோன்ஸ் குழுவில் பாடி வாசித்தார், 1996இல் மறைந்தார். அவருடைய பாட்டுகளின் தொடக்கத்தில் வருகிற கிட்டாரைக் கேளுங்கள். வேகம் கிடையாது, வித்தை காட்டல் கிடையாது. ஒற்றைக் கம்பியில் சின்னதாக ஒரு மெட்டு, வாயாலே பாடிவிடலாம். ஒவ்வொரு சுரமும் முழுதாக ஒலித்து முடிந்த பிறகே அடுத்தது வரும். அதே காலத்தில் நித்தி கனகரத்தினம் கிட்டாரோடு ‘சின்ன மாமியே’ பாடித் தமிழ்ப் பொப்பிசைக்கு வழி திறந்தார். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ கிட்டாரை வாசிக்காத பிள்ளை இருக்காது. ஆனால் அதில் ஒரு கம்பி ஓய்வதற்குள் அடுத்த கம்பி சேர்ந்து ஒலிக்கிறதே, அதைக் கவனித்தீர்களா? ஒரே ஒரு வரியை எடுத்து, ஒலிப்பதிவில் உள்ளபடி கேட்கும்வரை வாரக்கணக்கில் அதிலேயே இருங்கள். போனில் பதிந்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

4. மாசியில் காமன் கூத்துக்கு வருகிற தப்புக்காரர்களைப் பாருங்கள். நெருப்பில் தோலைக் காய்ச்சி, தட்டிக் கேட்டு, மறுபடி காய்ச்சி, ஒலி சரியாக வந்த பிறகுதான் முதல் அடி விழும். அவர்களை நம்மவர்கள் போதிய அளவு மதித்ததில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். சுருதி சேர்ப்பதில் அந்தப் பொறுமை உங்களுக்கும் வேண்டும்.

5. கம்பி. சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாருக்கு முதல் கம்பி 0.011 அல்லது 0.012 அங்குலம், மின் கிட்டாருக்கு 0.009 அல்லது 0.010. தடித்த கம்பி கனமாக ஒலிக்கும், விரலையும் கேட்கும். வெண்கலக் கம்பியை மின் கிட்டாரில் போடாதீர்கள். அதன் பிக்கப் காந்தம், இரும்பும் நிக்கலும் உள்ள கம்பிதான் அதற்குச் சரியாகக் கேட்கும். நைலோன் கம்பிக்குச் செய்த கிட்டாரில் இரும்புக் கம்பி மாட்டினால் இழுப்புத் தாங்காமல் பிரிட்ஜே பெயர்ந்துவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடையுங்கள். புதுக் கம்பி வாங்குகிற காசில் பாதி மிஞ்சும்.

6. நம் மலையின் காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 வீதம் ஈரப்பதம் இதம். ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை பிடித்தால் தை வரை பதுளைப் பக்கம் துணியே காயாது. மரம் ஈரம் குடித்து மேற்பலகை உப்பும், கம்பி உயரும், ஒலி மந்தமாகும். ஆனி, ஆடியில் நேர்மாறு. தென்மேல் காற்று அற்றன், நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சானாக நம் சரிவில் இறங்குகிறது. மரம் சுருங்கி, பிரெட்டுகளின் முனை ஓரத்தில் கையைக் கீறும். கம்பி எங்காவது உரசி இரையும். கிட்டார் கெட்டுவிட்டது என்று அப்போது விற்றுவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாமல், உறையில் போட்டு உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிறு மணிப் பொட்டலங்களைக் காயவைத்து உறைக்குள் போடலாம். கச்சான் காலத்தில், துளையிட்ட சவர்க்காரப் பெட்டிக்குள் பிழிந்த ஈரப் பஞ்சு ஒன்றை வைத்து உறைக்குள் வையுங்கள். அடுப்படிச் சூடு எந்தக் காலத்திலும் ஆகாது.

7. பன்னிரண்டாம் பிரெட்டில் கம்பி இரண்டு, இரண்டரை மில்லிமீற்றருக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தால் கழுத்தைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கோலின் (ட்ரஸ் ரொட்) திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக் கூடாது.

8. அம்ப் வாங்கும் காலம் வந்தால், எல்லாத் திருகுகளையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். தனியாகக் காம்பராவில் வாசிக்கையில் நடு ஒலியைக் குறைத்துக் கீழையும் மேலையும் ஏற்றினால் பிரமாதமாக இருக்கும். மேடையில் கீபோர்டும் பேஸும் டிரம்ஸும் சேர்ந்ததும் உங்கள் கிட்டார் காணாமல் போகும், ஏனென்றால் கிட்டாரின் உயிர் அந்த நடு ஒலியில்தான் இருக்கிறது. சின்ன அம்பைத் தரையில் வைத்தால் அது உங்கள் முழங்காலுக்குத்தான் பாடும். கதிரையில் ஏற்றிக் காதுக்கு நேரே திருப்புங்கள். தகரக் கூரைக் கோயில் மண்டபம் தானே எதிரொலிக்கும். அங்கே எதிரொலித் திருகை மூடிவிடுங்கள். கெயினை நினைத்ததில் பாதிக்கு இறக்குங்கள். விரலின் ஏற்ற இறக்கம் வெளியே கேட்க வேண்டும்.

9. இது நாதத்தைப் பற்றியது அல்ல, ஆனாலும் மற்ற எல்லாவற்றையும்விடக் கண்டிப்பாகச் சொல்கிறேன். திருவிழா மேடையில் ஜெனரேட்டரிலும் இழுத்துவிட்ட வயரிலும் வாசிக்கும்போது எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கையில் இரும்புக் கம்பி, உதட்டருகே மைக்; இரண்டுக்கும் நடுவில் உங்கள் உடம்பு. 1972 மே 3ஆம் திகதி வேல்ஸில் உள்ள ஸ்வான்சியில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும்வரை கிட்டாரைச் சொருகாதீர்கள், சபை காத்திருக்கட்டும். மழையில் மேடை நனைந்திருந்தால் அன்றைக்கு அம்பே வேண்டாம்.