நெற்பட்டறையைக் காக்கும் பூனையும் அதற்கேற்ற உணவும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் கமக்காரர் பலரின் வீடுகளிற் பூனை வளர்க்கப்படுகின்றது. பெரும்போக வேளாண்மை தை, மாசி மாதங்களில் அறுவடையாகி, தூற்றிய நெல் வீட்டுக்கு வந்து சேர்ந்தவுடன் அதன் காவல் பெரும்பாலும் அப்பூனையிடமே விடப்படுகின்றது. எலி தின்று தீர்க்கும் நெல் ஒருபுறமிருக்க, அது சாக்கைக் கடித்துச் சிந்துவதும் எச்சத்தாலும் சிறுநீராலும் அழுக்காக்குவதும் பெரும் நட்டமாகும். விதைநெல்லின் முளைப்பகுதியை எலி கடித்துவிட்டால் அது மறுபோகத்திற்கு உதவாது. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சலும் பரவுகின்றது. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோய்க்கு ஆளானோரெனக் கருதப்பட்டோர் 7,000 பேருக்கு மேலாவர்.

இத்தகைய காவலைச் செய்யும் பூனைக்குக் கிடைப்பது என்ன? அநேக வீடுகளில் மிஞ்சிய சோறும் அதன்மேல் ஊற்றிய மீன் ஆணமுமே கிடைக்கின்றன. அவ்வுணவு பூனையின் வயிற்றை நிரப்பும். அதன் உடலைப் பேணாது. இதற்குரிய காரணத்தையும், மட்டக்களப்பிலேயே எளிதாகக் கிடைக்கும் மாற்று உணவுகளையும் இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

பூனை ஓர் ஊனுண்ணி

மாடு புல்லைத் தின்று வாழ்கின்றது. மனிதனும் நாயும் பலவகை உணவுகளை உண்டு வாழக்கூடியவர்கள். பூனையோ பிற உயிர்களின் ஊனையே உண்டு வாழ அமைந்த பிராணியாகும். வேட்டையாடி வாழும் பூனைகளின் உணவை ஆராய்ந்தபோது, அவை பெறும் சக்தியில் ஏறத்தாழப் பாதி புரதத்திலிருந்தும், மற்றப் பாதியிற் பெரும்பகுதி கொழுப்பிலிருந்தும் கிடைப்பது தெரியவந்தது. மாப்பொருளிலிருந்து கிடைப்பது நூற்றுக்கு இரண்டு பங்கு மாத்திரமே. வெந்த சோற்றின் சக்தியிலோ பத்தில் ஒன்பது பங்கு அளவு மாப்பொருளிலிருந்தே வருகின்றது.

பூனையின் நாவுக்கு இனிப்புச் சுவை தெரியாது என்பதும் 2005 ஆம் ஆண்டில் விளக்கப்பட்டது. இனிப்பை உணர்வதற்கான பரம்பரையலகு அதனிடம் பழுதுபட்டிருக்கின்றது. ஆகவே பூனை சோற்றை உண்பது அதன் சுவைக்காகவன்று. அதில் ஊறிய மீன் மணத்துக்காகவே.

சோற்றையே நம்பிய பூனைக்கு நேர்வது

வெந்த சோறு பூனைக்கு நஞ்சன்று. சிறிதளவு கலந்திருந்தால் அது சமித்துவிடும். அதுவே முழு உணவாகும்போதுதான் கேடு விளைகின்றது. முதலாவதாக, தோரின் என்னும் சத்துப் பூனைக்கு இன்றியமையாதது. பூனையின் உடல் அதனைப் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ளாது. அது ஊனிலும் மீனிலும் உண்டு, நெல்லில் இல்லை. இச்சத்துக் குறைந்தால் பூனையின் விழித்திரை அழியும் என்பது 1975 ஆம் ஆண்டிலும், இருதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பது 1987 ஆம் ஆண்டிலும் வெளியான ஆராய்ச்சிகளால் அறியப்பட்டன. அழிந்த விழித்திரை மீண்டும் வளர்வதில்லை. கண் மங்கிய பூனையால் இருட்டில் எலி பிடிக்க இயலாது.

இரண்டாவதாக, அளவுக்கு மிஞ்சிய சோற்றைத் தின்று வீட்டுக்குள்ளேயே படுத்துறங்கும் பூனை பருத்துவிடும். பருத்த பூனைக்கு நீரிழிவு எளிதில் உண்டாகும். அடிக்கடி நீர் குடித்தல், மிகுதியாகச் சிறுநீர் கழித்தல், நன்றாகத் தின்றும் மெலிதல், பின்னங்காலின் குதியை நிலத்திற் படிய வைத்து நடத்தல் ஆகியன இந்நோயின் அறிகுறிகளாகும். தொடக்கத்திலேயே இன்சுலின் மருந்தும் மாப்பொருள் குறைந்த உணவும் கொடுக்கப்பட்டால், பல பூனைகள் பின்னர் மருந்தின்றியே வாழ்கின்றன. ஆயினும் இன்சுலின் பெறும் பூனையின் உணவைக் கால்நடை வைத்தியரைக் கேளாமல் மாற்றலாகாது. மாப்பொருள் திடீரெனக் குறைந்தால் இரத்தத்திலுள்ள சர்க்கரை மிகத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரும்.

பசித்த பூனைதான் எலி பிடிக்குமா?

பூனைக்கு நல்ல உணவு கொடுத்தால் அது சோம்பிவிடும் என்று பலர் எண்ணுவர். இது தவறான எண்ணமாகும். பூனையின் வேட்டை உணர்வு பசியை மாத்திரம் சார்ந்ததன்று. உண்டுகொண்டிருக்கும் பூனையும் எலியைக் கண்டால் உணவை விட்டுப் பாயும்.

இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் நகரைச் சேர்ந்த சாள்ஸ் எல்டன் என்னும் விஞ்ஞானி, பண்ணைப் பூனைகளைப் பற்றிய தம் ஆராய்ச்சியை 1953 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பண்ணையில் நிறைந்திருந்த எலிகளை முதலில் வேறு முறைகளால் ஒழித்து, பின்னர் பூனைகளுக்கு நாள்தோறும் உணவளித்து அங்கேயே தங்கச் செய்தால், புதிய எலிகள் கட்டடங்களில் மீண்டும் குடியேறாமல் அவை தடுக்கும் என்பது அவர் கண்ட முடிவாகும். பட்டினி கிடக்கும் பூனை இரைதேடி அயல்வீட்டுக்குப் போய்விடும். உணவு கிடைக்கும் பூனையோ தன் இடத்தை விட்டு அகலாது.

மட்டக்களப்பிற் கிடைக்கும் தகுந்த உணவுகள்

மீனுக்குப் பெயர்பெற்ற இம்மாவட்டத்திற் பூனை உணவுக்குப் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை.

1. சிறுமீன்: நெத்தலி, சூடை முதலியன மிகவும் ஏற்றவை. திலாப்பியாவையும் முள் நீக்கிக் கொடுக்கலாம்.

2. இறாலும் மட்டியும்: இவற்றில் தோரின் மிகுதியாக உண்டு. ஓட்டை நீக்கி, வேகவைத்து, சிறிதளவு கொடுக்கலாம்.

3. கோழியின் இருதயமும் இரைப்பையும்: இருதயத் தசையில் தோரின் நிறைய உண்டு. ஈரலை வாரத்திற்கு ஒருமுறை அல்லது இருமுறை சிறு துண்டாக மாத்திரம் கொடுத்தல் வேண்டும். அளவு மிஞ்சினால் விற்றமின் ஏ மிகுந்து எலும்பைக் கெடுக்கும்.

4. அவித்த முட்டை: மீன் கிடையாத நாளில் உதவும்.

மீனையே நாள்தோறும் கொடுத்தலும் நன்றன்று. எண்ணெய் மிகுந்த மீன் மாத்திரம் உண்ணும் பூனைக்கு விற்றமின் ஈ குறைந்து, உடற்கொழுப்பில் அழற்சி உண்டாகும். ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று நாட்களேனும் கோழியுறுப்புகளையோ முட்டையையோ மாற்றிக் கொடுத்தல் வேண்டும்.

சமைக்கும் முறையும் அளவும்

பச்சை மீன் சிலவற்றில் விற்றமின் பி1 சத்தை அழிக்கும் பொருள் உண்டு. அச்சத்துக் குறைந்த பூனை கழுத்துத் தொங்கி, தள்ளாடி, வலிப்புக் கண்டு விழும். வேகவைத்தால் அப்பொருள் அழிந்துவிடும்; புழுக்களும் நோய்க்கிருமிகளும் மாளும். எனவே உப்பும் தூளும் சேர்க்காமல், கொஞ்ச நீரில் நன்றாக அவித்தல் வேண்டும். தோரின் நீரிற் கரைவதால் அவித்த நீரைக் கொட்டாது உணவோடு சேர்க்க வேண்டும். நெத்தலியின் முள் நன்றாக வெந்தால் மென்மையாகி, சுண்ணாம்புச் சத்தைத் தரும்.

நான்கு கிலோகிராம் எடையுள்ள வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு 150 கிராம் அளவான மீனோ இறைச்சியோ இரு வேளையாகப் பிரித்துக் கொடுத்தாற் போதும். எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு இதிலும் குறைக்கலாம். தடவும்போது விலா எலும்பு கைக்குத் தெரிதல் வேண்டும், துருத்தி நிற்றலாகாது. குட்டிக்கும் சினைப்பட்ட பூனைக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சுத்தமான நீர் எப்போதும் இருத்தல் வேண்டும்.

கடையில் வாங்கும் உணவைத் தெரிவு செய்தல்

பெட்டியில் மாப்பொருளின் அளவு பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. அதைக் கணக்கிட்டு அறியலாம். புரதம், கொழுப்பு, நார், சாம்பற்சத்து, ஈரம் ஆகியவற்றின் விகிதங்களைக் கூட்டி நூறிலிருந்து கழித்தால் வருவதே மாப்பொருளாகும். உதாரணமாக ஒரு பிஸ்கட்டில் புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, சாம்பற்சத்து 8, ஈரம் 10 எனின், கூட்டுத்தொகை 62, மாப்பொருள் 38. தகரத்திலடைத்த உணவொன்றில் புரதம் 10, கொழுப்பு 5, நார் 1, சாம்பற்சத்து 2, ஈரம் 80 எனின், மாப்பொருள் 2 மாத்திரமே. ஈரத்தை நீக்கிக் கணக்கிட்டாலும் முன்னதில் நூற்றுக்கு 42, பின்னதில் 10 பங்கே உண்டு. இவ்வாறு ஒப்பிட்டு, மாப்பொருள் குறைந்ததைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

கொடுக்கத் தகாதவை

வெங்காயமும் வெள்ளைப்பூடும் பூனையின் செங்குருதியணுக்களை அழிக்கும். ஆகவே ஆணமும் கறியும் மிஞ்சினாலும் பூனைக்கு ஊற்றலாகாது. கருவாட்டில் உப்பு மிகுதி. பால் வளர்ந்த பூனைகள் பலவற்றிற்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். வெந்த கோழியெலும்பு பிளந்து குடலைக் குத்தும். வலையிற் படும் பேத்தை மீனை எறியும்போது பூனைக்கு எட்டாதபடி புதைத்துவிட வேண்டும். அதன் நஞ்சு மனிதரையும் கொல்லும்.

உணவை மாற்றும் முறை

பல காலம் சோறு தின்று பழகிய பூனைக்கு ஒரே நாளில் உணவை மாற்றலாகாது. நாள்தோறும் சோற்றைச் சிறிது குறைத்து மீனைச் சிறிது கூட்டி, ஏழு முதற் பத்து நாட்களில் மாற்றுதல் வேண்டும். பருத்த பூனையைப் பட்டினி போடுவது கொடிய தவறு. அது சில நாட்கள் உண்ணாதிருந்தால் ஈரலிற் கொழுப்புப் படிந்து இறந்துவிடக்கூடும். இரண்டு நாள் உணவு கொள்ளாத பூனையைக் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பிற கவனங்கள்

பூனை வளர்க்கும் வீட்டில் எலிப்பாஷாணம் வைக்கலாகாது; பாஷாணம் தின்ற எலியைத் தின்னும் பூனையும் மாளும். பொறி வைத்தும், வளைகளை அடைத்தும், நெல்மூட்டைகளைச் சுவரிலிருந்து விலக்கித் தட்டின்மேல் அடுக்கியும் முதலில் எலியைக் குறைக்க வேண்டும். வளர்ந்த பெருச்சாளியைப் பூனை பெரும்பாலும் எதிர்ப்பதில்லை. அதற்குப் பொறியே ஏற்றது. பூனைக்கு நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் காலந்தவறாது கொடுக்கப்படல் வேண்டும். மரக்கறிப் பாத்திகளிற் பூனை மலங்கழிக்காதபடி முட்கிளை பரப்புவதும், கீரையை நன்றாகக் கழுவிச் சமைப்பதும் அவசியம். கர்ப்பிணிகள் பூனையின் மலத்தை அகற்றலாகாது.

ஒரு கைப்பிடி நெத்தலியின் விலை சிறிது. கண்பார்வை குன்றிய பூனையின் வீட்டில் எலி தின்னும் விதைநெல்லின் விலையோ பெரிது. நெல்லைச் சோறாக்கி மனிதர் உண்ணட்டும். அந்நெல்லைக் காக்கும் பூனைக்கு வாவியின் மீன் கிடைக்கட்டும்.